பீற்றர்பரோ லிஃப்ட் லொக்: முதல்தரம் போகிறவர்களுக்கு

ஊரில் இருந்து ஆக்கள் வந்தால் நாங்கள் எல்லோரும் முதலில் நயாகராவுக்குத்தான் கூட்டிப்போகிறோம். அடுத்து எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் இடம் ஒன்ராறியோவில் பீற்றர்பரோ நகரில் இருக்கும் லிஃப்ட் லொக். நெரிசல் இல்லாவிட்டால் ஸ்காபரோவில் இருந்து ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேர ஓட்டம்.

கால்வாயில் வரும் படகுகளை, அவை மிதக்கும் தண்ணீரோடு சேர்த்து அப்படியே 19.8 மீற்றர் மேலே தூக்கிவிடும் இடம் அது. ஏறத்தாழ ஆறு மாடி உயரம். 1904 ஜூலை 9ஆம் திகதி திறந்தார்கள். இன்றைக்கும் அதே வேலையை அதே முறையில் செய்துகொண்டிருக்கிறது. அவ்வளவு பாரத்தையும் தூக்குவது எஞ்சின் அல்ல, மோட்டார் அல்ல. தண்ணீரின் எடைதான் தூக்குகிறது.

ஆனால் பலபேர் இதைச் சரியாகப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். வாகனத்தை நிறுத்துகிறார்கள், பெரிய கோபுரங்களுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள், இருபது நிமிடத்தில் வெளிக்கிடுகிறார்கள். படகு ஒன்று ஏறி இறங்குவதைப் பார்க்காவிட்டால் நீங்கள் பார்த்தது ஒரு கொங்கிறீற் சுவரை மட்டும்தான். எந்த நேரத்தில் போவது, எங்கே நிற்பது, எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொண்டு போனால் அரை நாள் நன்றாகப் போகும்.

எப்போது போகலாம்

கால்வாய் வருடம் முழுவதும் இயங்காது. மே மாதத்தில் விக்ரோறியா தின நீண்ட வார இறுதிக்குத் திறந்து, ஒக்ரோபரில் நன்றி நவிலல் நாளோடு மூடுவார்கள். இடைப்பட்ட மாதங்களில்தான் படகுகள் ஓடும். தொடக்கத்திலும் முடிவிலும், அதிலும் வார நாட்களில், இயங்கும் நேரம் குறைவு. கோடையில் காலையில் இருந்து மாலை வரை ஓடும். ஒவ்வொரு வருடமும் நேர அட்டவணை கொஞ்சம் மாறும். அதனால் புறப்படுகிற அன்று காலையில், இதை நடத்தும் பார்க்ஸ் கனடாவின் இணையத்தளத்தில், இந்தக் கால்வாய் சேர்ந்த ட்ரென்ற்-செவெர்ன் நீர்வழி பற்றிய பக்கத்தை ஒருமுறை பாருங்கள். திருத்த வேலை ஏதும் நடந்தாலும் அங்கேதான் போடுவார்கள்.

என்னைக் கேட்டால் ஜூலை, ஓகஸ்ற் மாதங்களில் ஒரு சனிக்கிழமை, முற்பகல் பத்தரை பதினொரு மணிபோல் அங்கே நிற்கப் பாருங்கள். படகுக்காரர்கள் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெளிக்கிடும் நேரம் அது. கீழே இருந்தும் வருவார்கள், மேலே இருந்தும் வருவார்கள். செவ்வாய், புதன் என்று போனால் சனம் குறைவு, நிழலில் இருக்க இடம் கிடைக்கும். ஆனால் படகுக்காகக் கொஞ்சம் கூட நேரம் காத்திருக்க வேண்டி வரும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் நல்லது. காத்திருப்பது அவர்களுக்குத்தான் கஷ்டம்.

மழை நாளில் போகவேண்டாம். புல்வெளியில் இருந்து பார்க்கும் இடம் அது.

எப்படிப் போவது

காரில் போகிறவர்களுக்கு வழி லேசு. 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போய், 436ஆம் வெளியேற்றத்தில் 35/115 நெடுஞ்சாலையை எடுத்து வடக்கே திரும்புங்கள். கொஞ்சத் தூரத்தில் 35 பிரிந்து போகும், நீங்கள் 115இலேயே போய்க்கொண்டிருங்கள். 401 நெரிசலாக இருந்தால் 407ஐப் பிடிக்கலாம். பிக்கரிங்கில் ப்ரொக் றோட்டுக்குக் கிழக்கே உள்ள பகுதிக்கு 2025 ஜூன் 1 முதல் கட்டணம் இல்லை, அது நேரே 35/115இல் கொண்டுபோய் விடும். ப்ரொக் றோட்டுக்கு மேற்கே ஏறினால் கட்டணம் உண்டு. புதிதாகக் கார் வாங்கியவர்கள் இதைக் கவனியுங்கள், பில் பிறகுதான் வீட்டுக்கு வரும். போக வேண்டிய இடம் என்று லிஃப்ட் லொக் பார்வையாளர் நிலையத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். அது ஹன்டர் வீதி கிழக்கில் இருக்கிறது.

கார் இல்லாதவர்களும் யோசிக்க வேண்டாம். கோ ரயிலில் ஒஷாவா வரை போய், அங்கே 88ஆம் இலக்க கோ பஸ்ஸில் ஏறினால் பீற்றர்பரோ நகர மத்தியில் இறங்கலாம். பிறெஸ்ரோ பயண அட்டை போதும். 12 வயதுக்கும் அதற்கும் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு கோ ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டணம் கிடையாது. நகர மத்தியில் இருந்து ஹன்டர் வீதியில் கிழக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நடக்க வேண்டும். அந்த நடையை நான் விரும்பிச் சொல்கிறேன். ஒட்டனபி ஆற்றின் மேல் 1921இல் கட்டி முடித்த பழைய வளைவுப் பாலம் ஒன்று வரும். பாலத்துக்குப் பக்கத்திலேயே குவேக்கர் ஓட்ஸ் தொழிற்சாலை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஓட்ஸ் வறுபடும் வாசம் பாலம் முழுக்க இருக்கும். பாலத்தைத் தாண்டினால் ஈஸ்ற் சிற்றி என்னும் பழைய குடியிருப்பு, சின்னச் சின்னக் கடைகள். வீதி முடியும் இடத்தில் கோபுரங்கள் தெரியத் தொடங்கும். திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி ஓடாது.

முதலில் கீழே நில்லுங்கள்

வந்து சேர்ந்ததும் எல்லோருக்கும் மேலே ஏறிப் பார்க்கத்தான் ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் கீழ்க் கால்வாயின் ஓரப் புல்வெளிக்கு வாருங்கள். வேடிக்கை பார்க்கக் கட்டணம் ஒன்றும் இல்லை.

முன்னால் மூன்று கோபுரங்கள் தெரியும். அவற்றுக்கு இடையில் இரண்டு பெரிய இரும்புத் தொட்டிகள். ஒன்று மேலே நிற்கும், மற்றது கீழே நிற்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 43 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம். இரண்டிலும் எப்போதும் தண்ணீர் இருக்கும், படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மேலே நிற்கும் தொட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு பெரிய தூண்தான் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கும். 2.3 மீற்றர் குறுக்களவு. ஆயிரம் டன் அளவு தண்ணீரும், அதைச் சுமக்கும் இரும்பும், மேலே மிதக்கும் படகுகளும் அந்த ஒற்றைத் தூணின் மேல்தான். அதுதான் பிஸ்டன். தொட்டி கீழே வரும்போது அந்தத் தூண் முழுவதும் நிலத்துக்குள் இருக்கும் உருளைக்குள் இறங்கிவிடும். உயரம் மேலே எவ்வளவு தெரிகிறதோ அந்த அளவுக்கு ஆழமாகக் கீழேயும் தோண்டியிருக்கிறார்கள்.

இரண்டு உருளைகளும் தண்ணீரால் நிறைந்தவை. இரண்டையும் ஒரு குழாய் இணைக்கிறது, நடுவில் ஒரு வால்வு. முழு அமைப்பும் ஒரு தராசு. வால்வைத் திறந்தால் பாரம் கூடிய தொட்டி இறங்கும். அதன் பிஸ்டன் அழுத்தும் தண்ணீர் குழாய் வழியாக மற்ற உருளைக்குப் போய் அடுத்த தொட்டியை மேலே தள்ளும்.

சரி, எந்தத் தொட்டிக்குப் பாரம் கூட? இங்கேதான் அந்தக் கெட்டித்தனம் இருக்கிறது. மேலே போன தொட்டியை, மேல் கால்வாயின் நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் கீழே நிறுத்துவார்கள். கதவு திறந்ததும் கால்வாய்த் தண்ணீர் உள்ளே வந்து மட்டம் சமமாகும். அந்த ஓர் அடித் தண்ணீர்தான் கூடுதல் பாரம், கிட்டத்தட்ட 130 டன். கீழே இருக்கும் தொட்டிக்கு அது கிடையாது. கதவுகளை மூடி, வால்வைத் திறந்தால் மேலே இருப்பது இறங்கத் தொடங்கும், கீழே இருப்பது ஏறும். ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் இடம் மாறிவிடும். கீழே வந்த தொட்டி தன் கூடுதல் தண்ணீரைக் கீழ்க் கால்வாயில் விட்டுவிடும். மேலே போனது புதிதாக ஓர் அடி எடுத்துக்கொள்ளும். 1904இல் இருந்து இதுதான் நடக்கிறது. கட்டுப்பாட்டுக் கருவிகளை 1960களில் புதுப்பித்தார்கள், தூக்கும் முறை மாறவில்லை.

இந்த இடத்தில் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள், பெரியவர்களும் கேட்பார்கள். கீழ்த் தொட்டியில் ஆறு பெரிய படகுகளும் மேல் தொட்டியில் ஒன்றும் இல்லாமலும் இருந்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்யத் தேவையில்லை. மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிடும். படகு உள்ளே வரும்போது அதே எடைத் தண்ணீர் தொட்டியை விட்டுக் கால்வாய்க்குப் போய்விடுகிறது. அதனால் தண்ணீர்மட்டம் ஒன்றாக இருக்கும் வரை, ஆறு படகு நின்றாலும் வெறுந்தொட்டியாக இருந்தாலும் எடை ஒன்றுதான். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பிள்ளைகள் நம்பாவிட்டால், போவதற்கு முதல் நாள் வீட்டில் ஒரு வாளியை விளிம்பு வரை நிரப்பி அதில் ஒரு கிண்ணத்தை மிதக்கவிட்டு, வழியும் தண்ணீரை நிறுத்துக் காட்டுங்கள். கிண்ணத்தின் எடையும் அதுவும் ஒன்றாக இருக்கும்.

வன்னியில் குளத்துத் துருசு (மதகு) திறப்பதைப் பார்த்து வளர்ந்த பெரியவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மட்டத்தைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். அவர்களைக் கூட்டிப்போங்கள்.

படகு வரப்போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது

லொக்குக்கு வெளியே கால்வாய்க் கரைச் சுவரில் நீல நிறத்தில் ஒரு கோடு அடித்திருப்பார்கள். அந்த நீலக் கோட்டு ஓரமாகப் படகைக் கட்டினால் "நான் அடுத்த முறை உள்ளே போகிறேன்" என்று அர்த்தம். கோட்டுக்கு வெளியே கட்டியிருப்பவர்கள் ஓய்வெடுக்கிறார்கள், சிலர் இரவு முழுவதும்கூட நிற்பார்கள். ஆகவே நீலக் கோட்டில் படகு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அசையாமல் அங்கேயே இருங்கள். கீழே ஒன்றும் நிற்காவிட்டாலும் மேலே நிற்கக்கூடும். மேலே இருந்து ஒரு படகு இறங்கினாலும் இரண்டு தொட்டியும்தான் அசையும், நீங்கள் பார்க்கப்போவது முழுக் காட்சியும்தான்.

படகு உள்ளே போன பிறகு கவனிக்க வேண்டியவை சில. கதவு மூடும்போது தொட்டிக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். தொட்டி அசையத் தொடங்கியதும் அந்த இடைவெளியில் மிஞ்சிய தண்ணீர் கீழே கொட்டும். கதவு விளிம்புகளில் இருந்தும் கோடு கோடாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே மேலே போகும். இதைப் பார்த்து "உடைஞ்சிட்டுதோ" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஒன்றும் இல்லை, எப்போதும் அப்படித்தான். பிஸ்டனைப் பாருங்கள், நனைந்து மினுங்கியபடி நிலத்தில் இருந்து எழும்பும். பெரிதாகச் சத்தம் எதுவும் கேட்காது. படகில் இருக்கிறவர்கள் கையசைப்பார்கள், பிள்ளைகளைத் திருப்பிக் கையசைக்கச் சொல்லுங்கள்.

நடுக் கோபுரத்தின் உச்சியில் ஒரு சின்ன அறை தெரியும். இரண்டு தொட்டிகளையும் ஒரே நேரத்தில் பார்த்து இயக்குபவர் அங்கேதான் இருப்பார்.

அப்புறம் மேலே

கீழே ஒரு முழுச் சுற்றும் பார்த்த பிறகு மேலே போங்கள். பக்கத்து மேட்டில் ஏறிப் போகலாம். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் மெதுவாக ஏறட்டும், அவசரம் இல்லை. மேலே இருந்து பார்க்கும்போது படகு கண்மட்டத்துக்கு எழும்பி வருவது வேறு அனுபவம். கீழே முதலில் பார்த்ததால் இப்போது உங்கள் கண்ணுக்கு அந்தத் தூணும் உருளையும் குழாயும் தெரியும். நேரே மேலே ஏறுகிறவர்களுக்கு அது தெரியாது, அதனால்தான் இந்த ஒழுங்கு.

மேலே வடக்கே நீளும் கால்வாய் நாசோ மில்ஸ் லொக்கைக் கடந்து, ட்ரென்ற் பல்கலைக்கழகப் பக்கமாகப் போகிறது. ஒன்ராறியோ ஏரியில் ட்ரென்ரனில் தொடங்கி, ஹியூரன் ஏரியின் ஜோர்ஜியன் விரிகுடாவில் போர்ட் செவெர்ன் வரை 386 கிலோமீற்றர் நீளும் நீர்வழி இது. லிஃப்ட் லொக்குக்கு இலக்கம் 21. இந்த இடத்தில் நிலம் சட்டென்று உயர்கிறது. வழக்கமான லொக்குகளாக, அதாவது கதவை மூடித் தண்ணீரை நிரப்பிப் படகை உயர்த்தும் அறைகளாகக் கட்டியிருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கட்டியிருக்க வேண்டும், படகுகளுக்கும் மணிக்கணக்கில் போயிருக்கும். இங்கே உள்ளே போய் வெளியே வர ஏறத்தாழ பத்து நிமிடம்.

ஹன்டர் வீதி இந்தக் கட்டுமானத்துக்குக் கீழாகவே ஒரு சுரங்கத்தில் போகிறது. குறுகலானது. காரில் போனால் மெதுவாகப் போங்கள். தலைக்கு மேலே படகு போகிற கால்வாய் என்று பின்னால் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மேலே நின்று யோசிக்க வேண்டும். இது மிச்சி சாகீக் அனிஷினாபே மக்களின் நிலம். கர்வ் லேக், ஹயவாத்தா ஆகிய அவர்களுடைய சமூகங்கள் இன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. நீர்வழிக்காக அணைகள் கட்டி ஏரிகளின் மட்டத்தை உயர்த்தியபோது, அவர்கள் மனோமின் என்று சொல்லும் காட்டரிசி விளைந்த ஆழமற்ற நீர்ப்பரப்புகள் நிறைய மூழ்கிப்போயின. அரிசி எங்களுக்கு என்ன என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த இழப்பு விளங்கும். இந்தப் பொறியியலை நான் மனதார மதிக்கிறேன். அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கட்டியவர்

பார்வையாளர் நிலையத்துக்குள் போவதற்கு முன் ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள்: ரிச்சர்ட் பேர்ட்சல் ரொஜர்ஸ். இந்த ஊர்க்காரர், நீர்வழியின் பொறுப்புப் பொறியாளர். ஐரோப்பாவுக்குப் போய், இங்கிலாந்தில் அன்டர்ரன், பிரான்சில் லே ஃபொன்ரினெத், பெல்ஜியத்தில் லா லூவியேர் என்று அன்றைக்கு இருந்த படகு லிஃப்டுகளைப் பார்த்து வந்து, அவற்றைவிட உயரமாக ஒன்றை வரைந்தார். 1896இல் வேலை தொடங்கியது. திறந்தபோது உலகிலேயே மிக உயரமான ஹைட்ரோலிக் படகு லிஃப்ட் இதுதான்.

அவர் எடுத்த துணிச்சலான முடிவு கொங்கிறீற். ஐரோப்பாவில் பெரும்பாலும் இரும்புச் சட்டங்களால் செய்த இடத்தில் இவர் முழுக் கோபுரங்களையும் கொங்கிறீற்றில் எழுப்பினார். உள்ளே கம்பி கிடையாது. ஏறத்தாழ 20,000 கன மீற்றர். கம்பி வைக்காத கொங்கிறீற் கட்டுமானங்களில் அந்தக் காலத்தில் உலகிலேயே பெரியது என்று சொல்வார்கள். ஒன்ராறியோவின் குளிரை நீங்கள் இப்போது அனுபவித்திருப்பீர்கள். வீட்டு வாசல் படிக்கட்டே சில வருடங்களில் வெடிக்கிற நாட்டில், நூறு வருடத்தைத் தாண்டி அது நிற்கிறது. சுவருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

அந்த மனிதருக்குக் கிடைத்தது நல்ல பெயர் அல்ல. திறந்து இரண்டு வருடத்தில், 1906இல், ஹென்றி ஹோல்கேற் என்ற பொறியாளர் அரசுக்குக் கொடுத்த அறிக்கை வேலையைக் குறை சொன்னது. ரொஜர்ஸ் பதவி விலக வேண்டி வந்தது. பின்னாளில் அவர் பக்கம்தான் நியாயம் என்று ஒப்புக்கொண்டார்கள். அவர் 1927இல் காலமானார். 1979இல் இந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே இருக்கும் மாதிரிகளையும் படங்களையும் பார்த்தால் அவை பேசும். அங்கே நிற்கும் பார்க்ஸ் கனடா ஊழியர்களிடம் தயங்காமல் கேளுங்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்று கூச்சப்பட வேண்டாம். "தண்ணீர் எப்படித் தூக்குகிறது" என்று கேட்டால் போதும், அவர்கள் சந்தோஷமாக விளக்குவார்கள்.

நீங்களே ஏற விரும்பினால்

சொந்தப் படகு தேவையில்லை. கோடையில் நகரில் உள்ள லிற்றில் லேக் ஏரிக்கரையில் இருந்து பயணப் படகு ஒன்று லிஃப்ட் லொக் வழியாகப் போய் வரும், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். முதலில் 20ஆம் இலக்கச் சின்ன லொக் வரும். அங்கே கதவு மூடித் தண்ணீர் மெதுவாக நிரம்பி உயர்த்தும். அதைப் பார்த்த கையோடு லிஃப்டில் ஏறும்போதுதான் வித்தியாசம் நன்றாக விளங்கும். சனி ஞாயிறுக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், நேரே போய் நின்றால் இடம் கிடைக்காமல் போகலாம். காசைப் பார்த்து யோசிக்கிறவர்களுக்கு: முதல் தரம் கரையில் நின்று பார்த்தால் போதும், இரண்டாம் தரம் படகில் போகலாம். கரையில் இருந்து ஒருமுறையும் பார்க்காமல் நேரே படகில் ஏறுவதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கிறவருக்குப் பிஸ்டன் தெரியாது.

கனூ, கயாக் வைத்திருப்பவர்களும் லிஃப்டில் போகலாம், லொக் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி போடாமல் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

சாப்பாடு, பிள்ளைகள், வேறு சில விஷயங்கள்

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். புல்வெளியில் இருந்து சாப்பிட நல்ல இடம். ரோல்ஸ், புளிச்சாதம், பாணும் சம்பலும் எதுவென்றாலும் சரி. விரிப்பு தடிப்பானதாக இருக்கட்டும். கனடா வாத்துகள் அங்கே நிறைய, புல்லில் எச்சம் கிடக்கும், பார்த்து விரியுங்கள். வாத்துகளுக்குச் சோறு போட வேண்டாம், ஒன்றுக்குப் போட்டால் கூட்டமே வந்து நிற்கும். வயதானவர்களுக்கு மடிப்புக் கதிரை ஒன்று கட்டாயம். வெயிலுக்குத் தொப்பி. கழிப்பறை பார்வையாளர் நிலையத்தில் இருக்கிறது. நிலையம் மூடுவதற்கு முன்பே எல்லோரையும் ஒருமுறை அனுப்பிவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகளின் கையைக் கால்வாய்க் கரையில் விடவேண்டாம். சுவர் செங்குத்தானது, தண்ணீர் ஆழம். லொக் ஓரத்தில் தூண்டில் போடக்கூடாது. ட்ரோன் பறக்கவிடுவதற்கும் பார்க்ஸ் கனடாவின் அனுமதி வேண்டும், ஆசைக்காகக் கொண்டுபோய்த் தண்டம் கட்டாதீர்கள்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. தெற்குப் பக்கம், கீழ்க் கால்வாயின் கரையில் கொஞ்சம் தள்ளி நின்றால் மூன்று கோபுரமும் தண்ணீரில் தெரியும் நிழலும் ஒரே படத்தில் வரும். வெளிச்சம் முகப்பில் விழும் நேரத்தில் காற்றும் அடங்கியிருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. வீடியோ எடுப்பதென்றால் இரண்டு தொட்டியும் குறுக்கே கடந்துபோகும் இடத்தை விடாதீர்கள். பாதி வழியில் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்து பிரியும் அந்தச் சில விநாடிகள்தான் முழு விஷயமும்.

நேரம் மிஞ்சினால்

லொக்குக்குப் பக்கத்திலேயே ஆர்மர் ஹில். பனிக்கட்டிக் காலம் விட்டுப்போன நீள்மேடு. உச்சியில் பீற்றர்பரோ அருங்காட்சியகம், அங்கிருந்து நகரம் முழுவதும் தெரியும். லிற்றில் லேக் கரையில் கனேடிய கனூ அருங்காட்சியகம் 2024இல் புதுக் கட்டடத்துக்கு வந்திருக்கிறது. மரப்பட்டைப் படகுகளைச் செய்த முறையைப் பார்க்கவே போகலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம், இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். பிள்ளைகள் இருந்தால் கனூ அருங்காட்சியகம்.

லிஃப்ட் லொக் உங்களுக்குப் பிடித்துப்போனால் அடுத்த கோடையில் கேர்க்ஃபீல்டுக்குப் போங்கள். இதே நீர்வழியில் 36ஆம் இலக்கம், 1907இல் திறந்தது, 15 மீற்றர் தூக்கும். அங்கே கொங்கிறீற் கோபுரம் இல்லை, உருக்குச் சட்டம்தான், அதனால் உள்ளே நடப்பது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். சனமும் குறைவு. அதற்கும் அப்பால் பிக் ஷூட் என்ற இடத்தில் படகுகளைத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு பெரிய வண்டியில் ஏற்றி மேட்டைக் கடத்துகிறார்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

குளிர்காலத்தில் படகு ஓடாது. ஆனால் லிஃப்ட் லொக்குக்குக் கீழே கால்வாய் உறைந்ததும் நகராட்சி அதைப் பனிச்சறுக்கு ஓட்டத்துக்குத் திறந்துவிடும். பனி போதிய தடிப்பு என்று அளந்து, திறந்திருக்கிறது என்று அறிவித்த பிறகு மட்டும் இறங்குங்கள். சில வருடங்களில் ஜனவரி கடைசி வரைகூடத் திறக்காமல் இருக்கலாம், போகிற அன்றே நகராட்சியின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். ஸ்கேற் சப்பாத்தை வீட்டில் இருந்தே கொண்டுபோங்கள், இரண்டு சோடிக் காலுறையும் வேண்டும்.